கதவுக்கு வெளியே ஆடியவர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ். முன் சீட்டில் ஒரு மளிகைக்கடைக்காரர், மடியில் சரக்குப் பையோடு, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“நேத்து மக ரூமுக்கு வெளிய நின்னு ஆடுனேன், மாப்ள.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“நீங்களா மச்சான்?”

“சின்னப் புள்ளையில, ‘வாப்பா, சேந்து ஆடுவோம்’னு கையப் புடிச்சு இழுக்கும். அவ அம்மாவும் ஆடுவா. வீட்டு முன்னாலதான கடை? வாரவுக பாத்தா என்ன நெனப்பாகன்னு ரெண்டு பேரையும் வைவேன். கதவச் சாத்திட்டு ஆடுங்கம்பேன்.”

“இப்ப?”

“அவ அம்மா விட்டுட்டா. மக மட்டும் தாப்பாப் போட்டுக்கிட்டு ஆடுது.”

“கதவத் தட்டி உள்ள போகவேண்டியதுதான?”

“தட்டுனேன். பாட்ட நிறுத்திட்டு, ‘கடை வரைக்கும் கேக்குதாப்பா? சத்தத்தக் கொறச்சுக்கிறேன்’னுச்சு.”