ஆற்றுக்கும் பங்கு கேட்டவருக்கு

பொன்னைக் காட்டிப் பேசுவோர் நடுவே புனலைக் காட்டிப் பேசிய பெருந்தகையே! கழித்துக் கட்டியதையெல்லாம் கணக்குக்குள் கொண்டுவந்த கண்டிப்பின் வடிவே! எங்கள் தங்கச் சுரங்கத்தின் சுற்றுச்சூழல் கணக்கு அலுவலராய் அமர்ந்து, அசையாது நின்று, இன்று மாலை விடைபெறும் எங்கள் அன்புக் குளத்தக்காவே! வணக்கம்.

அந்தப் பெயரை மேடையில் சொல்லலாமா என்று எங்களுக்குள் பெரிய வழக்கே நடந்தது. பாறையை அரைத்துப் பொன்னைப் பிரித்தபின் மிஞ்சும் நச்சுச் சேறு தேங்கும் குளத்தின் கரையில் நீங்கள் எப்போதும் நிற்பதைக் கண்டு, கேலியாக நாங்கள் வைத்த பெயர் அது. "வச்சதுதான் வச்சீங்க, கொஞ்சம் நல்ல குளமா பார்த்து வச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டீர்கள். மறுநாளே அந்தப் பெயருக்குத் திரும்பியும் பார்த்தீர்கள்.

நீங்கள் வந்த புதிதில் எங்கள் செலவுக் கணக்கில் டீசல் இருந்தது, வெடிமருந்து இருந்தது, விருந்தினர் மாளிகையின் திரைச்சீலைகூட இருந்தது. ஆற்று நீருக்கு நேரே மட்டும் சுழியம். படித்துப் பட்டம் வாங்கிய நாங்கள் அத்தனை பேரும், யாரும் பில் அனுப்பாததால் அது இலவசம் என்று நம்பியிருந்தோம். "ஆறு பில் அனுப்புமா அம்மா?" என்று அன்றைய மேலாளர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. "அனுப்பாது சார். கீழ இருக்கிற ஊர்க்காரங்க அனுப்புவாங்க. அதுக்குள்ள நாமளே எழுதிக்கலாம்."

எழுதினீர்கள். ஒவ்வொரு தங்கக் கட்டியின் அடக்கவிலையிலும் அது குடித்த நீரும், கக்கிய சேறும், கெடுத்த நிலத்தைத் திருத்தும் செலவும் ஏறின. லாபம் இளைத்ததென்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டவர்கள், குளத்து நீரைச் சுத்திகரித்து ஆலைக்கே திருப்பினால் செலவு இறங்கும் என்று அதே கணக்கு காட்டியதும் அடித்த கையாலேயே ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்கள். ஆற்றில் நீர் எடுக்கப் போட்ட குழாய்களில் பாதி, அக்கா, உங்களுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன.

குளத்தின் மட்டமும் நஞ்சின் அளவும் பதிவாகும்வரை எந்தக் கட்டியும் தராசில் ஏறக் கூடாது என்ற விதியும் உங்களுடையதே. ஒரு மழை நாளில் இயக்குநர்கள் கட்டியோடு படம் எடுக்கக் காத்திருக்க, நீங்கள் குடையோடு குளத்துக்குப் போய்விட்டீர்கள். அவர்கள் கொதித்தார்கள். நீங்களோ கரை ஒரு மூலையில் கசிவதைக் கண்டு ஆள் திரட்டி அடைத்துவிட்டு, சேறு சொட்டச் சொட்டத் திரும்பி வந்தீர்கள். அன்று தப்பியது ஆறு. உங்கள் கோபத்துக்கு நாங்கள் தப்பிய நாள் மட்டும் ஒன்றுகூட இல்லை. "வீட்டுலயும் இதே கதைதான், குழாய் சொட்டினா எனக்கு விசாரணை" என்கிறார் முன்வரிசையில் இருக்கும் உங்கள் கணவர்.

இப்படி இனிக்க இனிக்கப் பேசி முடித்துவிடலாம். மனம் ஒப்பவில்லை. நாளை முதல் எடை போடக் குளத்துப் பதிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று நிர்வாகம் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறது. நீங்கள் கிளம்பும்வரை பொறுத்தார்களே, அந்த மரியாதைக்கு நன்றி! இந்த மடலை முன்கூட்டியே காட்டச் சொன்னார்கள், காட்டினோம். இந்தப் பத்தியை நீக்கச் சொன்னார்கள். அதைத்தான் இப்போது, அவர்கள் எதிரிலேயே, உரக்க வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்களுக்குப் பயம் இல்லாமல் இல்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் தராசு அறைக்காரர் நேற்றே சொல்லிவிட்டார்: "குளத்தைப் பார்க்காம நான் தராசைத் தொட மாட்டேன். வேணும்னா அக்காவோட சேர்த்து எனக்கும் ஒரு மாலை போட்டு அனுப்பிடுங்க." மாலைகள் நிறையத் தேவைப்படும் என்பதை நிர்வாகத்துக்குப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம்.

நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு வாழ்க நீங்கள்! நாளைக் காலை மழை அடித்துப் பெய்தாலும் போர்வையை இழுத்து மூடித் தூங்குங்கள், அக்கா.

இப்படிக்கு,
நாளைக் காலை தராசு அறை வாசலை மறித்து நிற்கப்போகும்
கணக்குப் பிரிவு, ஆய்வகம், தராசு அறை ஊழியர்கள்