எருமைகளை அவிழ்த்துவிட்ட மீனவர்

அவையை அணிசெய்யும் தலைவர் அவர்களே! அனுபவம் கனிந்த ஆன்றோர்களே! மழையில் நனைந்து வந்து மண்தரையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! நாயுடுபுரத்து நெய்க்கடை பஷீர் அகமது உங்களை வணங்குகிறேன்.

மலையெங்கும் மரம் வைத்தோம் என்று மார்தட்டினார்கள், எனக்கு முன் பேசியவர்கள். எங்கே வைத்தீர்கள்? வெற்றிடத்திலா? மேய்கிற மாட்டின் வாயிலிருந்து புல்லைப் பிடுங்கிவிட்டு அல்லவா வைத்தீர்கள்!

சேனாதிபதி என்ற மீனவரின் கதையைச் சொல்கிறேன். இராமநாதபுரத்துக் கடலில் கட்டுமரம் ஏறியவர். விசைப்படகுகள் வந்தன, கரையோர மீனைக் குஞ்சோடு வாரின. இவருடைய வலை வெறும் வலையாகத் திரும்பியது. வயிறு வெறும் வயிறாகச் சுருங்கியது. மனைவி பொன்னுத்தாயோடு மலையேறினார். இங்கே ஒரு குத்தகைக்காரர், தோல் பதனிடும் பட்டைக்காகப் புல்வெளியில் வாட்டில் மரம் நட்டுக்கொண்டிருந்தார். துடுப்புப் பிடித்த கைக்குக் கடப்பாறை கிடைத்தது.

அதே புல்வெளியில்தான் வடிவு என்ற பெண் எருமை மேய்த்தாள். எருமைகள் இளமரங்களை மிதித்துவிட்டன. "பிடித்து மாட்டுப் பவுண்டில் அடை!" என்று சேனாதிபதியை ஏவினார் குத்தகைக்காரர். அவரும் எருமைகளைக் கயிற்றில் பிணைத்து இழுத்தார். வடிவு குறுக்கே வந்து நின்றாள்.

"ஏய்யா, இந்தப் புல்ல விட்டா நான் எங்க போயி மேய்க்க? நீங்களும் புள்ளகுட்டிக்காரருதான?"

சேனாதிபதியின் கை நின்றது.

"எங்க கரையிலயும் இப்படித்தான் தாயி, மோட்டார வச்சு வாரிட்டுப் போனாக. நாங்க கத்துனோம், ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. இன்னிக்கு அவன் சோலிய நானே செய்யுறேன்... ஓட்டிட்டுப் போ தாயி, வெரசா!"

அவிழ்த்துவிட்டார். அன்றே வேலை போனது, குடிசை பிரிக்கப்பட்டது. கொட்டும் மழையில் நின்ற இருவருக்கும் எருமைக் கொட்டிலில் இடம் கொடுத்தவள், அந்த வடிவு!

என்ன கேட்கிறீர்கள் அண்ணே? அப்புறம் நல்லா இருந்தாங்களா என்றா? எப்படி இருப்பார்கள்? வேறு ஆட்கள் வந்தார்கள். எருமைகள் பவுண்டுக்குப் போயின, ஏலத்தில் மறைந்தன. சேனாதிபதி ஊர் திரும்பி, தன் மீனை வாரிய விசைப்படகிலேயே கூலிக்கு ஏறினார். வடிவு, தான் மேய்த்த நிலத்திலேயே வாட்டில் நடக் குழி வெட்டுகிறாள்!

பறிகொடுத்தவன் கையாலேயே இன்னொருவன் சோற்றைப் பறிக்கும் இந்தக் கொடுமைக்கா வளர்ச்சி என்று பெயர்? இதற்கா வாழ்த்து? இதற்கா மாலை?

நாளை அடுத்த சரிவில் குழி வெட்டுகிறார்கள். வடிவும் போவாள்; போகாவிட்டால் அவள் அடுப்பு எரியாது. அவளைத் தடுக்க எனக்கு வாயில்லை. அந்தச் சரிவைக் குத்தகைக்கு விட்டவர்கள் இதே மேடையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள், இப்போதே கேளுங்கள்!

கசந்தாலும் காதுகொடுத்த உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.