மன்னாருக்குப் போகிற கொப்பி

"உந்தக் கொப்பியை இஞ்ச விட்டிட்டுப் போங்கோ, அக்கா."

அஜக்ஸ் நகருக்குப் போகும் ரெயினில் எனக்கு எதிரே இருந்த தம்பி, பக்கத்திலிருந்த தன் அக்காவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அக்காவின் கழுத்தில் பைனாகுலர் தொங்கியது.

"பறவை பாக்கிற கொப்பியடா. எங்கட குறூப்பில நாலு பேர் என்னோட மன்னாருக்கு வருகினம், பூநாரை பாக்க. உப்பிடிச் சிநேகிதம் எனக்கு இஞ்ச வேற எங்க கிடைச்சது?"

"அவையள் வெள்ளைக்காரர், விட்டிடுவாங்கள். உங்களை ஆமி மறிச்சா?"

"சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம். பறவை எண்டு சொல்லுவன்."

தம்பி கொப்பியை வாங்கி, விரல் வைத்து வாசித்தார்.

"காலமை ஆறு பத்து. வடக்கால இருந்து மூண்டு. தாழப் பதிவாப் பறந்து தண்ணிப்பக்கம் போனது. ஆமிக்காரன் உதை வாசிச்சா என்னெண்டு நினைப்பான்?"

"பறவையின்ர பேர் பக்கத்தில கிடக்குத்தானே."

"எங்க? நாலு இங்கிலிஸ் எழுத்தெல்லோ கிடக்கு."

"பறவை பாக்கிற நாங்கள் எல்லாரும் பேரை அப்பிடித்தான் சுருக்கி..."

அக்கா கொப்பியில் கிடந்த அந்த எழுத்துகளைத் திரும்பிப் பார்த்தார். தம்பி கொப்பியைத் தன் பைக்குள் வைத்தார். இரண்டு ஸ்ரேசன் கடந்த பிறகு, அக்கா பைனாகுலரையும் கழற்றித் தம்பியின் மடியில் வைத்தார்.

"இதையும் நீயே வைச்சிரு. நான் வெறுங்கண்ணால பாக்கிறன்."