உரக்கடை பீட்டர் என்று போட்டிருந்த நம்பர்

என் பெயர் ரெங்கராஜ், வயது 54, தகப்பனார் பெயர் கண்ணப்பன். புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டையில் விவசாயம் பார்த்து வருகிறேன். பத்தாம் வகுப்பு வரை போனேன், தேறவில்லை. உதவி ஆய்வாளர் அம்மா கேட்க நான் சொல்வதாவது:

என் மகள் பிரகதீஸ்வரியைத் திருமயம் பிரவீன்குமாருக்குக் கட்டிக்கொடுத்தேன். அவர் அடி தாங்காமல் வெளியேறி, புதுக்கோட்டையில் மகளிர் விடுதியில் தங்கி ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இருக்கும் இடத்தை என்னிடம் மட்டும் சொல்லி, "அம்மாகிட்டகூட மூச்சு விடாதீங்கப்பா" என்றாள். நானும் விடவில்லை. அவள் புது நம்பரை என் போனில் 'உரக்கடை பீட்டர்' என்று போட்டுவைத்தேன். பீட்டர் அழைத்தால், யூரியா வந்துவிட்டதா என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே கொல்லைப்பக்கம் போய்விடுவேன். என் மனைவி பிரகதாம்பாள், "அந்தக் கடைக்காரனுக்கு ஒங்கள விட்டா வேற ஆளு கெடைக்கலையா?" என்பாள். என்னை உளவுத்துறையில் சேர்க்காதது நாட்டுக்குத்தான் நஷ்டம் என்று நினைத்துக்கொள்வேன். மருமகன் நம்பரையும் அழிக்கவில்லை. சம்பந்தம் இன்னும் தீரவில்லையே என்று, மரியாதைக்கு 'மாப்பிள்ளை' என்றே கிடந்தது.

அதன் பிறகு தை மாதத்தில், எங்கள் காளை ஜல்லிக்கட்டு வாடிவாசலில் பிடிபடாமல் போனதை யாரோ வீடியோ எடுத்து ஒரு ஆப்பில் போட்டிருப்பதாகச் சொன்னதால் அந்த ஆப்பை என் போனில் ஏற்றினேன். அது என்னென்னவோ அனுமதி கேட்டது. அமுக்கினால்தான் காளை வரும் என்று எல்லாவற்றையும் அமுக்கினேன். காளை வந்தது. ஊரெல்லாம் காட்டினேன்.

அதன் பிறகு சென்ற செவ்வாய்க்கிழமை மேற்படி பிரவீன்குமார் ஜவுளிக்கடை வாசலில் நின்று, வேலை முடிந்து வந்த மகளின் முடியைப் பிடித்து இழுத்ததில், அவள் படியில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. கடையில் இருந்தவர்கள் அவரைப் பிடித்து நிலையத்தில் ஒப்படைத்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "ஒங்களுக்கு மட்டுந்தானப்பா தெரியும்" என்றாள்.

அதன் பிறகு நிலையத்தில் மருமகனைக் கேட்டேன். "யாரும் சொல்லல மாமா. எம் போன்ல ஒரு ஆப்பத் தொறந்தா, இவுங்க ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களான்னு கேட்டு அவ மூஞ்சியக் காட்டுது" என்றார். நான் காளை பார்த்த அதே ஆப்பில் மகள் புது நம்பரில் 'ஈஸ்வரி' என்று கணக்கு வைத்து, கடைப் பெயர் போட்ட சீருடையில் படம் போட்டிருந்தாள். நான் அமுக்கியதில் என் போனிலிருந்த நம்பர்களையெல்லாம் அந்தக் கம்பெனி எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளையும் பீட்டரும் ஒரே போனில் இருப்பதால் ஒருவரையொருவர் தெரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கும் என உதவி ஆய்வாளர் அம்மா விளக்கினார். என் மனைவியையே ஏமாற்றிய பீட்டர், கம்பெனியிடம் தோற்றுவிட்டார்.

என் மகளை ஏன் காட்டினீர்கள் என்று அந்த ஆப்பிலேயே எழுதிக் கேட்டேன். 'உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு மிக முக்கியம்' என்று உடனே பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில். நேரில் போய்ச் சண்டை போடலாம் என்றால் அவர்களுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அடித்தவர் உள்ளே இருக்கிறார். காட்டிக்கொடுத்ததை நானே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மகள் இப்போது வேறு ஊருக்குப் போய்விட்டாள். எங்கே என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. போனைச் சான்றாக ஒப்படைக்கிறேன். அதில் உரக்கடை பீட்டர் என்று அழைப்பு வந்தால் தயவுசெய்து எடுத்து, அப்பா யாரிடமும் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லவும்.

(ஒப்பம்)
க. ரெங்கராஜ்