பிள்ளை தூக்கிவிட்ட கூடை

மழைக்குப் பாறசாலைச் சந்தைப் பலாமரத்தடியில் ஒதுங்கினேன். பொழியூரிலிருந்து மீன் சுமந்து வந்த இரண்டு பெண்கள் அங்கே பேசிக்கொண்டு நின்றார்கள்.

"மைனி, இண்ணைக்கு எனக்கு மீன்கூடைய தூக்கிவிட்டது தாலுக்கா கச்சேரி குமாஸ்தா பிள்ளையாக்கும்!"

"ஆரு, மீன் மணத்துக்கே மூக்கப் பொத்துற அந்த சைவப் பிள்ளையா?"

"அவருதான். களைச்சுப்போயி கூடைய வழியில எறக்கிட்டேன். திரும்பத் தூக்கிவிட ஒரு ஆளும் இல்ல, மீனு அழுகிருமேண்ணு நிண்ணேன். அவரு வந்து ரெண்டு கையும் குடுத்தாரு."

"ஐயோ, அவருக்குத் தீட்டாச்சே!"

"நானும் அதத்தான் சொன்னேன். 'தீட்டு நான் குளிச்சாப் போவும். உனக்க பாரம் நான் குளிச்சாப் போவுமா?'ண்ணு கேட்டாரு."

மழை விட்டது. அன்று சந்தை இரைச்சலுக்கெல்லாம் மேலே அவள் குரல்தான் கேட்டது.

"மீனேய்! பிள்ளை தூக்கிவிட்ட மீனாக்கும், வாங்கோ!"