நாலரையாவது மாடி

— ...இன்னொரு தடவை படிக்கவா அண்ணி?

— இதோட அஞ்சாவது தடவை. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. "நகரத்தின் ஒரு சாதாரண லிப்டுக்குள் மாயத்தைக் கொண்டுவந்த கதை..."

— "நம்பும்படியாகக் கொண்டுவந்த." அந்த 'நம்பும்படியாக' முக்கியம் அண்ணி. கதைப் போட்டி நடுவர் மூணு பேரும் சேர்ந்து போட்ட வார்த்தை.

— சரிங்க எழுத்தாளரம்மா. இப்ப அலமாரிச் சாவியைக் குடு. சனிக்கிழமை பரிசு வாங்க இந்த லேப் கோட்டோடயா மேடை ஏறப் போற?

— கொத்து ஃப்ரிட்ஜ் மேல இருக்கு, பாருங்க.

— எது... இந்தக் குட்டையா இருக்கிறதா? முனையில என்னவோ முக்கோணமா ஓட்டை...

— அது இல்ல, அது சும்மா கிடக்கு. பக்கத்துல நீளமா இருக்கே, அது.

— எந்தப் பூட்டுக்கும் சேராத சாவியை எதுக்குச் சுமந்துக்கிட்டு அலையுற?

— அண்ணி... அலமாரியைத் திறங்களேன்.

— திறந்தாச்சு, திறந்தாச்சு. ம்... இந்த நீலம் உனக்கு எடுப்பா இருக்கும். ஆமா, பரிசு வந்ததை யார் யார்கிட்டச் சொன்ன?

— அதிகமில்ல. லேப்ல எல்லாருக்கும். கீழ வாட்ச்மேனுக்கு. இஸ்திரி போடுறவருக்கு. அப்புறம்... ரத்தம் குடுக்க வர்றவங்களுக்கு.

— அவங்களையுமா விடல?

— ஊசி குத்தினதுக்கு அப்புறம்தான் ஆரம்பிப்பேன். நடுவுல எழுந்து ஓட முடியாதுல்ல.

— அடிப்பாவி.

— நேத்து ஒரு பெரியவர் ஆசையா கேட்டாரு அண்ணி, என்ன கதைம்மான்னு. ஒரு பழைய கட்டடம், அதுல ஒரு லிப்ட், நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல யாருக்கும் தெரியாம இன்னொரு மாடி. ஒருத்தரோட ஒருத்தர் பேசுறதை நிறுத்திட்டவங்க எல்லாம் அங்கதான் குடியிருக்காங்க. ஒரு பொண்ணு அவ அண்ணனைத் தேடி அங்க போறான்னு சொன்னேன்.

— என்ன சொன்னாரு?

— வாடகை எவ்வளவுன்னு கேட்டாரு.

— ...சிரிக்க வைக்காத, மடிப்பு கலையுது.

— அண்ணி.

— ம்.

— அண்ணன் வருவாரா?

— ...இதுக்கு ரவிக்கை எங்க வெச்சிருக்க?

— அண்ணி, சனிக்கிழமை அண்ணன் வருவாரான்னு கேட்டேன்.

— நான் என்னத்தச் சொல்ல. மூணு வருஷமா இந்தப் பக்கம் தலைகாட்டாத மனுஷன். உன் பேரை எடுத்தாலே டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாரு.

— என் மேலதான் தப்பு. உங்க பொண்ணு பிறந்தநாள்ல, அத்தனை பேர் முன்னால...

— அப்படி என்ன கேட்டுட்டாரு அன்னிக்கு? உன் முதல் கதையைப் படிச்சுட்டு, இதுல அந்தப் பொண்ணு எதுக்கு எப்பப் பார்த்தாலும் அழுதுக்கிட்டே இருக்கான்னு கேட்டாரு. அவ்வளவுதானே?

— அவ்வளவுதான்.

— அதுக்கு நீ என்ன சொன்ன?

— ...வேண்டாம் அண்ணி.

— "ஸ்பேனர் பிடிக்கிறவனுக்குக் கதையைப் பத்தி என்ன தெரியும்"னு சொன்ன. ஊர்ல இருக்கிற லிப்ட்ல பாதி லிப்டை அவர்தான் ஓட வைக்கிறாரு. அன்னிக்கு வந்திருந்ததெல்லாம் அவரு கூட வேலை பாக்கிறவங்க. கேக்கைக்கூடத் தொடல மனுஷன்.

— அவர் கேட்டதுதான் சரி. அந்தப் பொண்ணு ரொம்பத்தான் அழுதா. எனக்கு அது பொறுக்கல, அதான் வாயில வந்ததைப் பேசிட்டேன். அப்புறம் எத்தனை போன் பண்ணேன், எடுக்கவே இல்ல. மன்னிச்சிருங்கன்னு எழுதினதுக்கும் பதில் இல்ல. அதனாலதான் இந்தக் கதை மொதல்ல பத்திரிகையில வந்தப்ப உங்க பேருக்கு அனுப்பினேன். அவர் பேருக்கு அனுப்பினா பிரிக்க மாட்டாரே.

— நான் பிரிச்சுப் படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.

— அது வந்து பத்து நாள்ல பத்திரிகை ஆபீசுக்கு ஒரு லெட்டர் வந்துச்சு அண்ணி. பேர் போடாம. அவங்க எனக்கு அனுப்பி வெச்சாங்க.

— ஓ... அப்படியா. ரவிக்கையைக் கேட்டேன்ல?

— கொடியில கிடக்கு. இதைக் கேளுங்க. "1. ரோப் அறுந்து லிப்ட் கீழே விழுந்ததாக எழுதியிருப்பது தவறு. 2. ரோப் ஒன்று அல்ல, ஐந்து. 3. ஐந்தும் அறுந்தாலும் லிப்ட் விழாது. அடியில் உள்ள பிடி தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். 4. கதை எழுதுபவர் பொதுமக்களை வீணாகப் பயமுறுத்தக் கூடாது."

— யாரோ... விஷயம் தெரிஞ்சவர் போல.

— கடைசியில "பணி முடிந்தது"ன்னு போட்டிருக்கு. லெட்டர் எழுதுறவங்க யாராச்சும் கீழ "பணி முடிந்தது"ன்னு போடுவாங்களா அண்ணி?

— ஏன், போடக் கூடாதா?

— லிப்ட் சர்வீஸ் ரிப்போர்ட்ல போடுவாங்க.

— எனக்கென்ன தெரியும். நான் சமையல்கட்டே கதின்னு கிடக்கிறவ.

— அதைப் படிச்சுட்டு, போட்டிக்கு அனுப்பும்போது முடிவையே மாத்தினேன். மொதல்ல லிப்ட் விழுந்து அந்தப் பொண்ணு செத்துப் போறதா இருந்துச்சு. இப்ப ரோப் எல்லாம் அறுந்தும் அந்தப் பிடி கவ்விக்குது. லிப்ட் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நிக்குது. அங்கதான் அந்த மாடி, அங்கதான் அவ அண்ணன். நடுவருங்க 'நம்பும்படியாக'ன்னு போட்டது அந்த இடத்துக்குத்தான். ஊர் பூரா பெருமை அடிச்சுக்கிட்டுத் திரியறேன், ஆனா அந்த ஒரு வார்த்தை என்னுது இல்ல அண்ணி.

— ஏய்... அழாத. சேலை நனையுது பாரு. ஐயோ, சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.

— யாருக்கு?

— வேற யாருக்கு. ஸ்பேனர் பிடிக்கிறவருக்குத்தான்.

— ம்.

— என்ன 'ம்'? உனக்குத் தெரியுமா?

— பிரிச்ச உடனே தெரிஞ்சுடுச்சு. உங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சு.

— நீ சரியான ஆளு. மூணு நாள் உக்காந்து எழுதினாரும்மா. "லிப்டைக் கொல்றா, லிப்டைக் கொல்றா"ன்னு திட்டிக்கிட்டே நாலு தடவை படிச்சாரு. பரிசு வாங்கின கதையெல்லாம் சேர்த்துப் போட்ட புத்தகத்தை அனுப்பினியே, அது இப்ப அவர் டூல் பேக்ல இருக்கு. நான் தொட்டா திட்டு.

— அப்ப சனிக்கிழமை...

— இரு. இதை உன்கிட்டக் குடுக்கச் சொன்னாரு. வந்த உடனே குடுத்திருக்கணும். இதுல உன்னைத் திட்டித்தான் எழுதியிருக்காரு, சந்தோஷமா இருக்கிறவளை எதுக்குக் கெடுக்கணும்னு பையிலயே வெச்சிருந்தேன்.

— சர்வீஸ் ஷீட்டுக்குப் பின்னால எழுதியிருக்காரு... "புத்தகத்தில் பக்கம் 11. 1. நின்றுபோன லிப்டுக்குள் இருக்கும் தங்கையை, அண்ணன் வெளியே நின்று கதவைக் கையாலேயே தள்ளித் திறந்து மீட்பதாக உள்ளது. தவறு. 2. மாடியில் உள்ள வெளிக்கதவு முக்கோணச் சாவி இல்லாமல் திறக்காது. 3. மேடையில் படிக்கும் முன் திருத்தவும்."

— நான்தான் சொன்னேனே, திட்டியிருக்காருன்னு.

— அவ்வளவுதானா?

— மடிப்பைப் பிரி. கீழ இன்னும் இருக்கு.

— "பணி முடியவில்லை. சனிக்கிழமை நேரில் வந்து பார்க்கப்படும்."

— வருவாரான்னு கேட்டியே, பதில் கிடைச்சுதா?

— இன்னொரு தடவை படிக்கவா அண்ணி?

— இதை எத்தனை தடவை வேணா படி. புதுச் சட்டையெல்லாம் எடுத்தாச்சு, நான் சொன்னதா சொல்லிராத. ஆனா ஒண்ணு... அவருக்கு ஒரு மனக்குறை இருக்கு. "சின்ன வயசுல அவளுக்கு அந்தச் சாவியை நானேதான் குடுத்தேன், பரிசு வாங்கினதும் எல்லாத்தையும் மறந்துட்டா"ங்கிறாரு. லிப்ட்காரர் தங்கச்சியா இருந்துக்கிட்டு இதுகூடவா தெரியாது உனக்கு?

— அலமாரியில தொங்குதே, அந்தக் கொத்தைப் பாருங்க.

— எது... இந்தக் குட்டையா... முக்கோண ஓட்டை... ஏய்.

— அண்ணன் வேலைக்குச் சேர்ந்த வருஷம் குடுத்தது. எந்த லிப்ட்ல மாட்டிக்கிட்டாலும் நான் வந்து திறந்து விடுவேன், பயப்படாதேன்னு சொல்லிக் குடுத்தாரு. அன்னிலேர்ந்து என் கொத்துலதான் இருக்கு.

— அப்ப அந்தப் பதினொண்ணாம் பக்கம்...

— ரோப் விஷயம் நிஜமாவே தெரியாமப் பண்ணின தப்பு. அதுக்கு ஒரு லெட்டர் வந்துச்சு. இன்னொரு தப்பு பண்ணினா இன்னொண்ணு வரும்னு... இதைத் தெரிஞ்சேதான் எழுதினேன்.

— அடி கள்ளி. நடுவருங்க கண்டுபிடிச்சிருந்தா பரிசே போயிருக்குமே?

— கதை படிக்கிறவங்களுக்கு லிப்டைப் பத்தி என்ன தெரியும் அண்ணி.