காலிப் பெட்டிகள் பேசுகின்றன

அவைக்கு அழகூட்டும் ஆலைத் தலைவர் அவர்களே! என் பேச்சு எப்போது முடியும் என்று அன்போடு காத்திருக்கும் மேடைப் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் செவியில் என் சொல்லுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இயந்திரத்தோடு உழைத்தும் இன்னும் மனிதராய் மிஞ்சியிருக்கும் தோழர்களே! வணக்கம்.

எட்டாம் வகுப்பை மூன்று முறை படித்தவன் நான். ஒருமுறை படித்தவருக்கே அறிவு வருமென்றால், எனக்கு எவ்வளவு வந்திருக்கும்! நான் பேசினால் கைதட்டலில் கூரை பிய்யும். ஓர் ஊரில் உண்மையாகவே பிய்ந்தது. சிரியுங்கள் அம்மா, சிரிப்பு வரும்போதே சிரித்துவிடுங்கள்.

உறக்கம் என்பது சோம்பலா? சுகமா? இல்லை! உழைத்த உடம்புக்கு உறக்கமே உரம்! உறக்கமே உயிர்!

என் தங்கை கணவர் இந்த பிஸ்கட் ஆலையில் பெட்டிக்கு டேப் ஒட்டுபவர். ஒரு வாரம் பகல் வேலை, மறு வாரம் இரவு வேலை. சுழற்றிவிட்டபடியெல்லாம் சுற்ற உடம்பென்ன பம்பரமா? இப்போது எந்த வாரமும் அவருக்குத் தூக்கமில்லை. குழந்தை ஒரு டம்ளரைக் கீழே போட்டதற்கு வீடதிரக் கத்தியிருக்கிறார். தங்கை என்னிடம், "அவரு புள்ளையத் திட்டலண்ணே, வராத தூக்கத்தத் திட்டுறாரு" என்று அழுதாள்.

போன வாரம் நடந்தது உங்களுக்கே தெரியும். லாரி நிறையப் பெட்டிகள் கடைக்குப் போயின. கடைக்காரர் ஒன்றைப் பிரித்தார்: காற்று! இன்னொன்றைப் பிரித்தார்: அதுவும் முதல் தரமான காற்று! காலிப் பெட்டிகளுக்கு அவ்வளவு நேர்த்தியாக டேப் ஒட்டியிருக்கிறார் எங்கள் மாப்பிள்ளை.

அவர் மட்டுமா? லோடு ஏற்றியவரிடம் கேட்டேன்: "ஏம்ப்பா, கனமே இல்லாதது தெரியலையா?"

"தெரிஞ்சுதுண்ணே. இன்னைக்கு நாம நல்ல தெம்பா இருக்கோம்போலன்னு நெனச்சுக்கிட்டேன்!"

ஆம், அவரும் வாரம் விட்டு வாரம் இரவு வேலை பார்ப்பவர்தான்! ஆலை இழந்தது கடைக்காரரின் நம்பிக்கையை. வீடு இழந்தது குழந்தையின் சிரிப்பை. நாளை ஒருவர் வெட்டும் இயந்திரத்தில் விரலை இழந்தால், அதை எந்தக் கடையில் வாங்குவோம்?

இந்தக் கூட்டம் முடிந்ததும் எங்கள் மாப்பிள்ளையை வேலையை விட்டு அனுப்புவதா என்று தலைவர் முடிவு சொல்லப்போகிறார். ஐயா, அந்த இடத்தில் இன்னொருவரை நிறுத்தினால் அவரும் காற்றைத்தான் கட்டுவார். ஆளை மாற்றாதீர்கள்! வாரந்தோறும் இரவையும் பகலையும் புரட்டிப்போடும் அந்த முறையை மாற்றுங்கள்!

அதோ பாருங்கள், மூன்றாம் வரிசை, மின்விசிறிக்கு நேர் கீழே...

மைக்செட்காரரே, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். இன்னும் குறையுங்கள்.

என் தங்கை தோளில் சாய்ந்து எங்கள் மாப்பிள்ளை தூங்குகிறார், ஐயா. என் பேச்சுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் தந்ததில்லை. உங்கள் முன்னாலேயே தூங்குகிறாரே என்று கோபம் கொள்ளாதீர்கள். உங்களுக்கு வேண்டிய நல்ல வேலையாள் அந்தத் தூக்கத்துக்குள்ளிருந்துதான் எழுந்து வர வேண்டும்.

தலையசைக்கிறீர்களா? முறையை மாற்றுவீர்களா? அவரும் வேலையில் இருக்கலாமா? பார்த்தீர்களா மக்களே, தலைவர் தலை...

உஷ்! கைதட்டாதீர்கள். வாழ்க்கையில் முதன்முறையாகக் கெஞ்சிக் கேட்கிறேன், கைதட்டாதீர்கள். நாற்காலியை இழுக்காமல், செருப்பைத் தேய்க்காமல், மெல்ல எழுந்து போங்கள். கேட்டிருந்ததற்கு நன்றி. வணக்கத்தை வாயால் சொல்லவில்லை, கைகூப்பி மட்டும் நிற்கிறேன்.